ஒரு கப்பல், பல பெயர்கள்: பழைய வணிகக் கப்பலின் வரலாற்றை எழுத முழுமையான வழிகாட்டி

1890இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், சார்லஸ் கானல் நிறுவனத்தின் கட்டுதளத்திலிருந்து ஒரு நீராவிச் சரக்குக் கப்பல் நீரில் இறங்கியது. ஜெர்மானிய முதலாளிகள் அதற்கு ஸ்டுபென்ஹுக் என்று பெயர் வைத்தார்கள். 1894இல் அது சிசிலியா ஆனது. 1913இல் ஜப்பானியர் கைக்குப் போய்க் கோமகாட்டா மாரு ஆனது. 1924இல் ஹெயன் மாரு. 1926இல் ஹொக்கைடோ தீவின் கரையில் மோதி உடைந்தது. இவற்றுக்கு நடுவே, 1914இல் 376 இந்தியர்களுடன் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அது அடைந்தபோது, அதை வாடகைக்கு எடுத்திருந்த குர்தித் சிங்கும் அவருடன் சென்றவர்களும் குரு நானக் ஜஹாஜ், அதாவது குரு நானக் கப்பல், என்று அதை அழைத்தார்கள்.

இந்தக் கப்பலைப் பற்றி ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தாலே கேள்விகள் வரிசைகட்டி நிற்கும். எந்தப் பெயரைத் தலைப்பில் வைப்பது? ஏட்டில் இருக்கும் பெயரா, ஏறியவர்கள் சொன்ன பெயரா? ஒரு நூலில் இருக்கும் எண்ணிக்கை இன்னொரு நூலில் ஏன் மாறுகிறது? பழைய வணிகக் கப்பல் எதை எடுத்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. போர்க்கப்பலுக்கு ஓர் அரசும் ஒரு கடற்படையும் இருக்கும்; ஏடுகள் ஓரிடத்தில் சேரும். வணிகக் கப்பலோ கை மாறும், கொடி மாறும், பெயர் மாறும். அதன் தாள்கள் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கும்.

நான் பின்பற்றும் முறைக்கு அடிப்படை ஒன்றுதான். கப்பல் வேறு, அதன் பெயர் வேறு. இரண்டுக்கும் தனித்தனியே ஆதாரம் தேட வேண்டும். சர்ச்சைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பதால்தான் வருகின்றன.

படி 1: பெயரை ஒதுக்கிவைத்துக் கப்பலை அடையாளம் காணுங்கள்

ஒரு தாளை எடுத்து, பெயர் மாறினாலும் மாறாத விவரங்களை மட்டும் முதலில் எழுதுங்கள். கட்டியவர் யார், எந்த ஊரில், எந்த ஆண்டு, மரமா இரும்பா எஃகா, பாயா நீராவியா, நீளம் அகலம் ஆழம் எவ்வளவு. இவற்றோடு, கிடைத்தால், பதிவு எண்.

பிரிட்டிஷ் கொடியின்கீழ் ஓடிய கப்பல்களுக்கு இந்தப் பதிவு எண் பெரிய வரம். 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அதிகாரபூர்வ எண் தரப்பட்டது. அதைக் கப்பலின் முக்கிய உத்தரத்திலேயே செதுக்க வேண்டும். பெயர் மாறினாலும், முதலாளி மாறினாலும், பிரிட்டிஷ் பதிவில் இருக்கும்வரை எண் மாறாது. கட்டி சார்க் என்ற புகழ்பெற்ற தேயிலைக் கப்பலின் எண் 63557. 1895இல் போர்ச்சுகல் நாட்டு நிறுவனம் அதை வாங்கி ஃபெரெய்ரா என்று பெயர் மாற்றியது. 1922இல் மரியா தொ அம்பாரோ என்று இன்னொரு பெயர் வந்தது. பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பிப் பழைய பெயரைப் பெற்றது. 1869இல் டம்பார்ட்டனில் கட்டிய அதே உடல்தான் இன்று கிரீனிச்சில் நிற்கிறது என்று சொல்ல, பெயர் உதவாது. கட்டுமான விவரங்களும் எண்ணும்தான் உதவும்.

கொடி மாறினால் இந்த எண் சங்கிலி அறுந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கோமகாட்டா மாருவைப் போல ஜெர்மனியிலிருந்து ஜப்பானுக்குப் போன கப்பலை, கட்டுமிடம், கட்டிய ஆண்டு, அளவுகள் ஆகியவற்றை ஒட்டவைத்துத்தான் தொடர முடியும். இப்போதைய கப்பல்களுக்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் (ஐ.எம்.ஓ.) எண் இருக்கிறது, அது கொடி மாறினாலும் மாறாது. 1987இல் அறிமுகமாகி 1996இல் கட்டாயமான அது, பழைய கப்பல்களைத் தேடும் நமக்கு உதவாது.

அளவுகள் முரண்பட்டால் உடனே ஒன்றைத் தவறு என்று அடித்துவிடாதீர்கள். மேரி செலஸ்ட் கப்பலைப் பாருங்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஸ்பென்சர்ஸ் ஐலண்ட் என்ற கடலோர ஊரில் 1861இல் அமேசான் என்ற பெயரில் கட்டப்பட்டபோது அதன் நீளம் 99.3 அடி, கொள்ளளவு 198.42 டன். 1872இல் அதைப் பெரிதாக்கி இன்னொரு தளம் சேர்த்தார்கள். நீளம் 103 அடி, கொள்ளளவு 282.28 டன் என்று ஆனது. ஒரு நூல் 198 என்கிறது, மற்றொன்று 282 என்கிறது. இரண்டும் சரி, காலம்தான் வேறு. எனவே ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஆண்டை எழுதும் பழக்கம் வேண்டும்.

டன் என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். பதிவேட்டு டன் எடையைக் குறிப்பதில்லை. 100 கன அடி இடத்தைக் குறிக்கிறது. மொத்தக் கொள்ளளவு, நிகரக் கொள்ளளவு, சுமக்கும் எடை என்று மூன்று கணக்குகள் உண்டு. எது என்று சொல்லாமல் வெறுமே டன் என்று எழுதிய நூலிலிருந்து எண்ணை எடுக்காதீர்கள்.

படி 2: பெயர், தேதி, யார் அழைத்தார்

இப்போது பெயர்களுக்கு வாருங்கள். ஒரு சிறிய அட்டவணை போதும். பெயர் ஒரு பத்தியில். எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்பது அடுத்ததில். பெயரை வைத்தவர் யார், எந்த ஏட்டில் அது இருக்கிறது என்பவை அதற்கடுத்து. கடைசியாக, யார் அப்படி அழைத்தார் என்று ஒரு பத்தி. பதிவேட்டுப் பெயருக்கும் வழக்குப் பெயருக்கும் உள்ள வேறுபாடு இந்தக் கடைசிப் பத்தியில்தான் வெளிப்படும்.

அட்டவணை இருந்தால் காலப்பிழை வராது. ‘1890இல் கட்டப்பட்ட கோமகாட்டா மாரு’ என்று பலர் எழுதுகிறார்கள். 1890இல் அப்படி ஒரு கப்பல் இல்லை. ‘பின்னாளில் கோமகாட்டா மாரு என்று அறியப்பட்ட ஸ்டுபென்ஹுக் 1890இல் கட்டப்பட்டது’ என்பதே சரி. வாக்கியம் கொஞ்சம் நீளும். பழைய செய்தித்தாளில் தேடப்போகிற அடுத்த ஆளுக்கு எந்த ஆண்டில் எந்தப் பெயரைத் தேடுவது என்று அந்த வாக்கியமே சொல்லிவிடும்.

எஸ்.எஸ்., ஆர்.எம்.எஸ். போன்ற முன்னொட்டுகள் பெயரின் பகுதி அல்ல. நீராவிக் கப்பல், அஞ்சல் சுமக்கும் கப்பல் என்று வகையைச் சொல்பவை. ஜப்பானிய வணிகக் கப்பல்களில் வரும் ‘மாரு’ அப்படிப்பட்டதல்ல. அது பெயரோடு சேர்ந்தே நிற்கும். ஆனால் ஆயிரக்கணக்கான கப்பல்களுக்கு அது பொது. ஆகவே ‘மாரு கப்பல்’ என்று சுருக்கி எழுதினால் எந்தக் கப்பல் என்றே தெரியாது.

படி 3: அதே பெயரில் இன்னொரு கப்பல் இருக்கிறதா என்று பாருங்கள்

நம் ஊர்க் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனி வாங்கிய இரண்டு கப்பல்கள் காலியாவும் லாவோவும். 1907இல் தூத்துக்குடியில் அவற்றை வரவேற்ற உற்சாகத்தைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். பெருமையோடு எழுத வேண்டிய வரலாறுதான். பெருமை இருக்கும் இடத்தில் கவனமும் கூட வேண்டும்.

காலியா என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற கப்பல்கள் வேறு இரண்டு உண்டு. ஒன்று, கியூனார்ட் நிறுவனம் 1878இல் நீரில் இறக்கிய அட்லாண்டிக் பயணிகள் கப்பல்; அது 1900இல் உடைத்துப் பிரிக்கப்பட்டது. மற்றொன்று பிரெஞ்சுக் கப்பல். 1913இல் நீரில் இறங்கி, முதல் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றபோது 1916 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. படம் தேடினால் இவை இரண்டும் எளிதாகக் கையில் சிக்கும். ஒன்று 1907க்கு முன்பே போய்விட்டது. மற்றொன்று அப்போது பிறக்கவே இல்லை. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடிய காலியா இவ்விரண்டும் அல்ல என்பதற்குத் தேதி ஒன்றே போதும். வ.உ.சி. கட்டுரைக்குப் படம் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைச் சோதிக்க வேண்டும். கம்பீரமாக நிற்கிறது என்பதற்காக யாரோ ஒருவருடைய கப்பலைச் சுதேசிக் கப்பல் என்று போடுவது, கடன்பட்டும் பங்கு விற்றும் உண்மையான கப்பலை வாங்கிய அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கோமகாட்டா மாருவிலும் இதே கண்ணி உண்டு. அதன் கடைசிப் பெயர் ஹெயன் மாரு. 1930இல் கட்டப்பட்டு, 1944இல் பசிபிக்கின் ட்ரக் தீவுக் கடலில் அமெரிக்கத் தாக்குதலில் மூழ்கிய பெரிய ஹெயன் மாரு வேறு கப்பல். கடலடியில் கிடக்கும் அதன் படங்களை இதனோடு சேர்த்துவிடாதீர்கள்.

படி 4: ஆவணங்களை வரிசைப்படுத்துங்கள்

எந்தத் தாள் எதற்குச் சாட்சி என்று தெரிய வேண்டும். எல்லாத் தாளும் எல்லாவற்றுக்கும் சாட்சி அல்ல.

பெயருக்கும் உரிமைக்கும் முதல் சாட்சி துறைமுகப் பதிவேடு. பிரிட்டிஷ் பதிவேடுகளின் படிகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 108, பி.டி. 110 என்ற வரிசைகளில் இருக்கின்றன. உரிமை யாரிடமிருந்து யாருக்கு மாறியது, பதிவு ஏன் மூடப்பட்டது என்பவை அங்கே கிடைக்கும்.

கட்டுமானத்துக்கும் அளவுக்கும் லாயிட்ஸ் ரெஜிஸ்டர். ஆண்டுதோறும் வரும் இந்தக் கப்பல் விவரத் தொகுப்பில் நமக்குக் கிடைக்கும் பழைய பதிப்பு 1764ஆம் ஆண்டுடையது. லாயிட்ஸ் லிஸ்ட் என்பது வேறு. அது 1734 முதல் வந்த செய்தி இதழ், கப்பல்களின் வருகை, புறப்பாடு, விபத்து ஆகியவற்றைச் சொல்வது. இரண்டையும் ‘லாயிட்ஸ்’ என்ற ஒரே பெயரில் மேற்கோள் காட்டுவது மிகப் பரவலான பிழை. ரெஜிஸ்டரிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கப்பல் போன பிறகும் சில காலம் பழைய விவரமே அச்சாகிக்கொண்டிருக்கும். எனவே ஒரு கப்பல் அந்த ஆண்டுத் தொகுப்பில் இருப்பதால் அது அந்த ஆண்டு மிதந்துகொண்டிருந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

மாலுமிகளைப் பற்றி எழுத, பணி ஒப்பந்தப் பட்டியல்கள். 1863 முதல் 1938 வரையிலான பிரிட்டிஷ் பட்டியல்களில் ஏறக்குறைய 70 சதவீதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. 5இல் முடியும் ஆண்டுகளுடையவை கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஒரே கப்பலின் 1884ஆம் ஆண்டுப் பட்டியலை ஒரு கண்டத்திலும் 1885ஆம் ஆண்டுப் பட்டியலை இன்னொரு கண்டத்திலும் தேட வேண்டிவரும். சலித்துக்கொள்ளாமல் தேடுங்கள், கப்பலில் வேலை செய்த எளிய மனிதர்களின் பெயரும் வயதும் பிறந்த ஊரும் பெரும்பாலும் இந்தத் தாள்களில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

நீதிமன்றச் சாட்சியமும் விசாரணை அறிக்கையும் விவரம் நிறைந்தவை. ஆனால் அங்கே பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம் உண்டு. பயணிகளில் பெரும்பாலோரைக் கனடா இறங்கவிடாததால், 1914 செப்டம்பரில் கோமகாட்டா மாரு வங்காளத்தின் பஜ் பஜ் ஊருக்குத் திரும்பியபோது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதை விசாரித்த குழுவை அமைத்தது அதே பிரிட்டிஷ் இந்திய அரசு. எதிர்த்தரப்பில், தலைமறைவாகிப் பல ஆண்டுகள் கழித்து வெளிவந்த குர்தித் சிங் தன் தரப்பைத் தானே எழுதினார். அறிக்கையை மட்டும் வைத்து எழுதினால் அரசின் குரலாகிவிடும். அவர் நூலை மட்டும் வைத்தால் ஒரு தலைவரின் நியாயமாகிவிடும். கப்பலில் இருந்த மற்ற முந்நூற்றுச் சொச்சம் பேரின் குரலை, கடிதம், மனு, தந்தி என்று துண்டு துண்டாகத்தான் பொறுக்க வேண்டும். சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக நூலகம் இந்தத் தாள்களில் பலவற்றை மின்வடிவில் தொகுத்திருக்கிறது. வான்கூவர் நகரக் காப்பகத்தில் படங்கள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

தமிழ்நாட்டுக் கப்பல் செய்திகளுக்குச் சுதேசமித்திரன் போன்ற அக்கால இதழ்களும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் முதல் படிக்கட்டுகள்.

படி 5: கட்டுக்கதை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடியுங்கள்

மேரி செலஸ்ட் ஆளில்லாமல் மிதந்த கப்பல். 1872 டிசம்பரில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே டெய் கிராட்டியா என்ற கப்பல் அதைக் கண்டது. கேப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ், அவர் மனைவி, குழந்தை, மாலுமிகள் ஏழு பேர், ஒருவரும் இல்லை. மேசையில் சாப்பாடு ஆறாமல் இருந்தது, உயிர்காக்கும் படகுகள் எல்லாம் அப்படியே தொங்கின என்று இன்றுவரை எழுதுகிறார்கள்.

ஜிப்ரால்டர் நீதிமன்றத்தில், டெய் கிராட்டியாவிலிருந்து முதலில் மேரி செலஸ்டில் ஏறிய ஆலிவர் டெவோ சொன்ன சாட்சியம் நமக்கு இருக்கிறது. மேசையில் உணவு எதுவும் இல்லை. படகு இல்லை. கடலில் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவும் காலமானியும் செக்ஸ்டன்ட் கருவியும் இல்லை. கீழறையில் மூன்றரை அடித் தண்ணீர். பலகையில் எழுதிய கடைசிக் குறிப்பு நவம்பர் 25 காலை எட்டு மணிக்குரியது. அவசரமாகவேனும் யோசித்துப் படகில் இறங்கிய மனிதர்களின் சுவடுகள் இவை. கதை சொல்வதோ நேர் எதிர்.

கதை எங்கிருந்து வந்தது? 1884 ஜனவரியில் கார்ன்ஹில் இதழில் பெயர் போடாமல் ஒரு சிறுகதை வந்தது. எழுதியவர் இளம் ஆர்தர் கானன் டாயில். அதில் கப்பலின் பெயர் மரீ செலஸ்ட். மேரி என்ற ஆங்கிலப் பெயர் பிரெஞ்சு வடிவத்துக்கு மாறியிருந்தது. கேப்டன் பெயர் வேறு, புறப்பட்ட ஊர் வேறு, படகுகள் அப்படியே இருந்தன. இது புனைகதை, எதை வேண்டுமானாலும் மாற்ற அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பலர் அதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்கள், தவறான பெயரோடு தவறான விவரங்களும் சேர்ந்து பரவின.

இது நமக்கு ஒரு நல்ல கருவியைத் தருகிறது. ஒரு கட்டுரை கப்பலை மரீ செலஸ்ட் என்று எழுதினால், அதன் மற்ற விவரங்களும் கதையின் வழியில் வந்தவையா என்று பாருங்கள். ஒரே பிழையைப் பகிரும் பத்து நூல்கள் பத்துச் சாட்சிகள் அல்ல; ஒரே சாட்சியின் பத்து நகல்கள். ஒவ்வொரு கூற்றையும் பின்னோக்கித் தொடர்ந்து, முதலில் சொன்னவர் யார், அவர் அங்கே இருந்தாரா என்று கேளுங்கள். சுதேசிக் கப்பலோடு போட்டி போட்ட பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, குடை கொடுத்தது என்று நாம் எழுதும்போதும் இதே கேள்விதான். எந்த மாதம், எந்த இதழ், யார் சொன்னது?

‘நான் மட்டும் தப்பினேன்’ என்று பல ஆண்டுகள் கழித்து வரும் நினைவுக்குறிப்புகளுக்குப் படி 1இல் எழுதிய தாள் உரைகல். 1913இல் ஸ்ட்ராண்ட் இதழ் ஏபல் ஃபாஸ்டைக் என்பவரின் பெயரில் ஒரு குறிப்பை வெளியிட்டது. அதில் மேரி செலஸ்ட் 600 டன் கப்பல், மாலுமிகள் ஆங்கிலேயர். உண்மையில் 282 டன். சாதாரண மாலுமிகள் நால்வரும் ஜெர்மானியர். தான் ஏறிய கப்பல் எவ்வளவு பெரிது என்று தெரியாதவரின் மற்ற வார்த்தைகளை எப்படி நம்புவது?

படி 6: தேதியும் எண்ணும் முரண்பட்டால்

மேரி செலஸ்டைக் கண்ட நாள் டிசம்பர் 4 என்று சில நூல்கள். 5 என்று சில. நண்பகல் தாண்டி ஒரு மணிக்கு அது கண்ணில் பட்டது. பழைய கடல் வழக்கில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்காது. முந்தைய நண்பகலிலேயே தொடங்கிவிடும். நிலத்தில் டிசம்பர் 4 பிற்பகல் என்றால் கப்பலின் குறிப்பேட்டில் அது டிசம்பர் 5. பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805இல் விட்டது. அமெரிக்கக் கடற்படை 1848இல். வணிகக் கப்பல்களில் அதன் பிறகும் தொடர்ந்தது. ஆகவே பழைய குறிப்பேட்டிலிருந்து தேதி எடுத்தால், நிகழ்ச்சி முற்பகலா பிற்பகலா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டிய ஆண்டு முரண்பட்டால், நீரில் இறங்கிய நாள், வேலை முடிந்த நாள், பதிவான நாள் ஆகியவற்றில் எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அமேசான் 1861 மே 18இல் நீரில் இறங்கியது. ஜூன் 10இல் பார்ஸ்பரோவில் பதிவானது. டிசம்பரில் இறங்கி ஜனவரியில் பதிவாகும் கப்பலுக்கு ஆண்டே மாறிவிடும்.

எண்ணிக்கை என்றால் ‘யாரைச் சேர்த்தார்கள்’ என்று கேட்பதே வழி. கோமகாட்டா மாருவில் 340 சீக்கியர், 24 முஸ்லிம்கள், 12 இந்துக்கள் என்று ஒரு கணக்கு. 337, 27, 12 என்று இன்னொரு கணக்கு. இரண்டிலும் மொத்தம் 376. அதாவது ஆட்களின் எண்ணிக்கையில் தகராறு இல்லை. மூன்று பேரை எந்தச் சமயத்தில் வைப்பது என்பதில்தான். இதை இப்படியே எழுதுங்கள். பஜ் பஜ்ஜில் இறந்தவர்கள் 19 என்றும் 20 என்றும் அதற்கு மேலும் எழுதப்படுவதற்குள்ளும் பயணிகள் மட்டுமா, போலீசாரும் ஊர்மக்களும் சேர்த்தா என்ற கேள்வி இருக்கிறது. இரண்டு எண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பதும், ‘சுமார்’ போட்டு மழுப்புவதும் கூடாது. இறந்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

படி 7: பெயரே உரிமைப் போராட்டமாக இருக்கும்போது

இதுவரை சொன்னவை எல்லாம் ஏட்டைப் பார்த்துத் தீர்க்கக்கூடியவை. குரு நானக் ஜஹாஜா கோமகாட்டா மாருவா என்ற கேள்வி ஏட்டோடு முடிவதில்லை.

ஏடு சொல்வது தெளிவு. கப்பல் ஜப்பானியக் கொடியின்கீழ் கோமகாட்டா மாரு என்றே ஓடியது. வாடகைக்கு எடுப்பவரால் பதிவுப் பெயரை மாற்ற முடியாது. ஆனால் குர்தித் சிங் பயணச்சீட்டுகளை ஸ்ரீ குரு நானக் நீராவிக் கப்பல் கம்பெனி என்ற பெயரில் விற்றார். வயலை விற்றும் கடன் வாங்கியும் சீட்டு எடுத்தவர்கள், ஏதோ ஒரு ஜப்பானியச் சரக்குக் கப்பலில் ஏறுவதாக நினைக்கவில்லை. தங்கள் குருவின் பெயர் தாங்கிய, தங்களுக்கான கப்பலில் ஏறினார்கள். இந்தியாவிலிருந்து நேரே வரும் தொடர்பயணமாக இருந்தால்தான் இறங்கலாம் என்று கனடா போட்ட விதியைக் கேள்வி கேட்கவே அந்தப் பயணம் புறப்பட்டது. அந்த மனநிலையில் வைத்த பெயர் வெறும் செல்லப்பெயர் அல்ல.

மறுபக்கமும் இருக்கிறது. குர்தித் சிங்கே ஆங்கிலத்தில் எழுதிய நூலின் தலைப்பில் கோமகாட்டா மாரு என்ற பெயரைத்தான் வைத்தார். பஜ் பஜ் ரயில் நிலையம் இன்று கோமகாட்டா மாரு பஜ் பஜ் என்று அழைக்கப்படுகிறது. 2016 மே 18இல் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். ஆகவே ஒரு பெயர் வெள்ளை அரசுடையது, மற்றது மக்களுடையது என்று கோடு கிழிப்பதும் சரியல்ல.

என் வழக்கம் இது. கப்பலின் முழு வரலாற்றை எழுதும்போது தலைப்பில் கோமகாட்டா மாரு. முதல் பத்தியிலேயே, அடிக்குறிப்பில் அல்ல, குரு நானக் ஜஹாஜ் என்ற பெயரையும் அதை வைத்தவர் யார் என்பதையும் சொல்லிவிடுவேன். பயணிகளின் சொற்களை மேற்கோள் காட்டும் இடத்தில் அவர்கள் சொன்ன பெயரைத் திருத்த மாட்டேன். பயணத்தை மட்டும், பயணிகளின் கண்ணால் எழுதும் கட்டுரைக்குக் குரு நானக் ஜஹாஜ் என்பதையே தலைப்பாக்கலாம். அப்போது பதிவுப் பெயர் முதல் பத்திக்குப் போகும். ‘உண்மையான பெயர்’, ‘சரியான பெயர்’ என்ற சொற்களை மட்டும் இரண்டு பக்கமும் பயன்படுத்துவதில்லை. ‘பதிவுப் பெயர்’, ‘பயணிகள் அழைத்த பெயர்’ என்று சொன்னால் இரண்டுமே சோதிக்கக்கூடிய உண்மைகளாக நிற்கின்றன.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் பாய்க்கப்பலின் கதை வேறுவிதம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரால் ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். 1938இல் அது அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கியவருக்குப் பெயர் மாற்றும் உரிமை இருந்தது, ஆகவே அந்தப் பெயரும் முறையானதே. ஆனால் அதை மட்டும் எழுதினால், அந்த உடலைச் செதுக்கிய ஈழத்துக் கடற்கரை ஊரின் தொழில்திறன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கட்டுமானத்தைப் பேசும் இடத்தில் அன்னபூரணி அம்மாள், அட்லாண்டிக்கைக் கடந்து சேர்ந்ததைப் பேசும் இடத்தில் இரண்டு பெயரும் என்று நான் எழுதுவேன்.

படி 8: தமிழில் ஒரே எழுத்துமுறை

காலியா, காலியோ, கேலியா; கோமகாட்டா மாரு, காமகட்டமாரு, கோமகட்டா மாரு. தமிழில் இத்தனை வடிவங்கள் உலவுகின்றன. ஒன்றைத் தேர்ந்து கட்டுரை முழுக்க அதையே எழுதுங்கள். மற்ற வடிவங்களை முதல் முறை வரும் இடத்தில் ஒருதடவை சொல்லிவிடுங்கள், தேடுகிறவருக்கு அகப்படும். பழைய இதழை மேற்கோள் காட்டும்போது அதன் எழுத்தை மாற்றாதீர்கள். தமிழ்க் கப்பல்களுக்கு இது தலைகீழ்: அன்னபூரணி அம்மாள் ஆங்கில ஏடுகளில் பலவாறு சிதைந்து கிடக்கும். ஒலியை ஊகித்துப் பல எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும்.

படி 9: படமும் சிதைவும்

படத்தின் கீழே இருக்கும் பெயரை நம்பாமல், பாய்மரம், புகைபோக்கி, தளம் ஆகியவற்றை எண்ணிப் படி 1இன் தாளோடு ஒப்பிடுங்கள்.

கடலடியில் கிடைத்த சிதைவு இந்தக் கப்பல்தான் என்ற அறிவிப்புகளுக்கு இன்னும் பொறுமை தேவை. மேரி செலஸ்ட் 1885 ஜனவரியில் ஹைட்டி நாட்டுக் கரைக்கு அப்பால் ரோஷெல்வா பாறைத்திட்டில் காப்பீட்டுப் பணத்துக்காக வேண்டுமென்றே மோதவிடப்பட்டது. 2001இல் அங்கே கிடைத்த சிதைவை அதுதான் என்று அறிவித்தார்கள். பிறகு மரத்துண்டுகளின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்தபோது, அந்த மரங்கள் மேரி செலஸ்ட் மூழ்கிப் பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தவை என்று தெரிந்தது. அறிவிப்பு வந்த அளவுக்கு மறுப்பு பரவவில்லை. எனவே கண்டுபிடிப்புச் செய்தி எதையும் எடுத்தாளுமுன், அதற்குப் பின் வந்த ஆய்வு என்ன சொன்னது என்று பாருங்கள்.

படி 10: வெளியான பிறகு

ஆட்சேபம் வரும். வரட்டும். ‘நீங்கள் எழுதிய தேதி தவறு’ என்று ஒருவர் சொன்னால், எந்த ஏட்டின்படி என்று கேட்டு, அந்த ஏட்டைப் பார்த்து, தேவைப்பட்டால் திருத்தி, திருத்திய நாளையும் குறிப்பிடுங்கள். ‘எங்கள் தாத்தா அந்தக் கப்பலை அப்படி அழைத்ததே இல்லை’ என்று ஒருவர் சொன்னால் அது இன்னும் மதிப்புள்ளது. ஏடு இல்லை என்று தள்ளிவிடாமல், அவர் சொன்ன பெயரை அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள்; யாரிடமிருந்து, எப்போது கேட்டது, வீட்டில் கடிதமோ பயணச்சீட்டோ படமோ மிஞ்சியிருக்கிறதா என்று விசாரியுங்கள். தாள் இருந்தால் அவர் அனுமதியோடு படமெடுத்து, அருகிலுள்ள காப்பகத்துக்கு ஒரு படி சேரச் செய்யுங்கள். தாள் இல்லாவிட்டாலும், படி 2இன் அட்டவணையில் அந்தப் பெயருக்கு ஒரு வரி கொடுத்து, ‘யார் அழைத்தார்’ என்ற பத்தியில் குடும்ப வழக்கு என்றும், கேட்டு எழுதிய ஆண்டையும் குறித்துவையுங்கள்.